தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல்: கவனமின்றி ஓட்டினால் சட்டம் என்ன செய்யும்?

தொப்பூர் கணவாயில் இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும் லாரி டிரைவர்கள் உண்டு. கியர் பிடிப்பு போனதும் லோடு முழுவதையும் பிரேக்தான் தாங்க வேண்டும். அது சூடேறிப் பிடிக்காமல் போய், முன்னால் போகும் வண்டிகளில் மோதிய பிறகு, "பிரேக் ஃபெயிலியர் சார்" என்பார்கள். சட்டத்தின் முன் இந்தப் பதில் எளிதில் எடுபடாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆவது பிரிவு ஆபத்தாக ஓட்டுவதைப் பற்றியது. 2019இல் செய்த திருத்தம் இதற்குள் எவையெல்லாம் வரும் என்று சொல்லிவிட்டது: சிவப்பு விளக்கைத் தாண்டுவது, கையில் செல்போனோடு ஓட்டுவது, விதியை மீறி ஓவர்டேக் எடுப்பது, எதிர்த்திசையில் வருவது. கிருஷ்ணகிரி - ஓசூர் சாலையில் யூ டர்ன் வரை போகச் சோம்பல்பட்டு 'ராங் சைடில்' வரும் பைக்குகளுக்கும் இதே பிரிவுதான். திறமையும் கவனமும் உள்ள ஒரு டிரைவருக்கு ஆபத்து என்று பார்த்ததுமே தெரியும் விதத்தில் ஓட்டுவதும் குற்றம் என்கிறது கடைசி வரி. நியூட்ரல் இறக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான வரி கிடையாது என்பேன்.

முதல் முறை சிக்கினால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று ஆண்டுக்குள் மறுபடி சிக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று: சட்டப்படி இந்தப் பிரிவில் செல்போன் குற்றத்தை மட்டும்தான் ஸ்பாட் ஃபைன் கட்டி முடிக்கலாம். மற்றவை கோர்ட்டுக்குப் போக வேண்டியவை. குடித்திருந்தால் பிரிவு 185 தனி: 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

சரி, யாருக்காவது அடிபட்டால்? அப்போது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா வருகிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய 279, 304ஏ எண்களுக்குப் பதில் 281, 106 என்று எஃப்.ஐ.ஆரில் இருக்கும். யாருக்கும் அடிபடாமலேயே, பொதுவழியில் கண்மூடித்தனமாக ஓட்டினாலே 281இன்படி 6 மாதம் வரை சிறை உண்டு. கொடுங்காயம் என்றால் 125(பி)இன்படி மூன்று ஆண்டு வரை. உயிர் போனால் 106(1)இன்படி ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும்; பழைய சட்டத்தில் இது இரண்டு ஆண்டுதான். ஜாமீன் கிடைக்கும் பிரிவு என்பதால் லேசான கேஸ் என்று நினைத்துவிட வேண்டாம்.

"இடிச்சுட்டு ஓடினா பத்து வருஷம்" என்று டீக்கடைகளில் பேசுவது 106(2)ஐப் பற்றி. 2024 ஜனவரியில் நாடு முழுவதும் டிரைவர்கள் வண்டியை நிறுத்திப் போராடியது இதற்காகத்தான். மற்ற பிரிவுகள் அமலுக்கு வந்தபோது இதை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். அதற்காக ஓடிவிடலாம் என்று அர்த்தமில்லை. காயமடைந்தவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதும் போலீசுக்குத் தகவல் சொல்வதும் டிரைவரின் கடமை. கூட்டம் அடிக்க வந்தால் அங்கே நிற்க வேண்டியதில்லை. ஆனால் 24 மணி நேரத்துக்குள் ஸ்டேஷனுக்குத் தகவல் போயாக வேண்டும். தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

அப்புறம் லைசென்ஸ். அதிவேகம், சிவப்பு விளக்கு, செல்போன், ஓவர்லோடு, சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது ஆகியவற்றுக்கு ஆர்.டி.ஓ. அதைத் தற்காலிகமாக ரத்து செய்யலாம். வண்டி ஓட்டியே பிழைப்பவருக்கு அபராதத்தைவிட இதுதான் பெரிய அடி.

நம் பக்கத்தில் மாங்காய் லோடு மேலும், கல்யாணத்துக்குப் போகும் டெம்போவிலும் ஆட்களை ஏற்றுவது சகஜம். அதில் சும்மா ஏறி வந்தவர் இறந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002இலேயே சொல்லிவிட்டது. சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ கூட வந்திருந்தால் நிலைமை வேறு. மற்றபடி இழப்பீட்டு வழக்கின் சுமை வண்டி ஓனரின் தலையில் விழும். தொகை லட்சங்களில் போகும்.

பதினெட்டு வயது நிரம்பாத பையனிடம் சாவியைக் கொடுத்து அவன் குற்றம் செய்தால், பெற்றோருக்கோ ஓனருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.