நூறு மடங்கு கனத்த வாக்குச்சீட்டு

1946ஆம் ஆண்டு ஜூலை 17. அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள ஜார்ஜியா மாநிலத்தில் அடுத்த ஆளுநர் யார் என்று தீர்மானிக்கும் வாக்குப்பதிவு நடந்தது. எண்ணி முடித்தபோது ஜேம்ஸ் கார்மைக்கேல் என்பவருக்குச் சுமார் 3,13,000 வாக்குகள் கிடைத்திருந்தன. யூஜீன் டால்மட்ஜுக்குச் சுமார் 2,97,000. ஏறத்தாழ 16,000 வாக்குகள் பின்தங்கிய டால்மட்ஜ்தான் வெற்றி பெற்றார் என்று அறிவித்தார்கள். இதற்குக் கள்ள ஓட்டோ பெட்டி மாற்றமோ தேவைப்படவில்லை. சட்டம் சொன்னபடி கூட்டிக் கழித்தாலே இந்த விடைதான் வரும்.

நம் நாட்டில் ஆளுநர் என்றால் டில்லியிலிருந்து நியமிக்கப்படுபவர். அமெரிக்க மாநிலங்களில் அவர் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். நம் முதலமைச்சரைப் போன்றவர். அந்தக் கால ஜார்ஜியாவில் ஜனநாயகக் கட்சியை எதிர்க்க ஆள் கிடையாது. அதனால் அக்கட்சி தன் வேட்பாளரைத் தேர்வு செய்ய நடத்திய 'பிரைமரி' என்னும் உட்கட்சித் தேர்தல்தான் உண்மையான தேர்தல். நவம்பரில் நடந்த பொதுத்தேர்தல் வெறும் சடங்கு. ஜூலையில் நடந்தது அந்தப் பிரைமரி.

தோற்றவர் ஜெயிக்கும் இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. இறகுப்பந்தாட்டத்தைப் பாருங்கள். முதல் சுற்றில் 21-19 என்று வெல்கிறீர்கள். இரண்டாவதில் 5-21 என்று உதை வாங்குகிறீர்கள். மூன்றாவதில் மறுபடி 21-19. மொத்தம் நீங்கள் எடுத்த புள்ளிகள் 47, எதிராளி எடுத்தவை 59. கோப்பை உங்களுக்குத்தான். புள்ளிகளை நேராகக் கூட்டாமல் முதலில் சுற்றுகளாகக் கட்டி, பிறகு சுற்றுகளை எண்ணுவதால் வரும் விளைவு இது. இரண்டாம் சுற்றில் எதிராளி குவித்த 21 புள்ளிகளில் பெரும்பகுதி விழலுக்கு இறைத்த நீர். விளையாட்டில் இதை யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை, ஏனென்றால் எல்லாச் சுற்றுகளும் ஒரே அளவுள்ளவை. ஒரு சுற்றுக்கு மூன்று புள்ளி போதும், இன்னொன்றுக்கு முந்நூறு வேண்டும் என்று விதி இருந்தால் நடுவரைச் சும்மா விட்டிருப்போமா?

ஜார்ஜியாவில் விதி அப்படித்தான் இருந்தது. 1917இல் இயற்றப்பட்ட நீல் சட்டம் அதற்குச் சட்ட உருவம் கொடுத்தது. மாநிலத்தில் 159 கவுண்டிகள் உண்டு. கவுண்டி என்பதை நம் மாவட்டத்துக்கும் வட்டத்துக்கும் இடைப்பட்ட ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். மக்கள்தொகை வரிசையில் முதல் எட்டு கவுண்டிகளுக்குத் தலா 6 யூனிட் வாக்குகள். அடுத்த முப்பதுக்குத் தலா 4. மிச்சமுள்ள 121 கவுண்டிகளுக்குத் தலா 2. ஒரு கவுண்டியில் யார் முதலிடம் பிடிக்கிறாரோ அவருக்கே அதன் யூனிட் முழுவதும் போகும். 48, 120, 242, ஆக மொத்தம் 410. ஆளுநராக வேண்டுமானால் 206 யூனிட் பிடிக்க வேண்டும்.

இதற்குள் இரண்டு கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காவிட்டால் பிற்பாடு நீதிமன்றம் சொன்னது புரியாது.

முதல் கோளாறு எடையில். அட்லாண்டா நகரம் இருக்கும் ஃபுல்டன் கவுண்டியில் 1960ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி 5,56,326 பேர். அதற்கு 6 யூனிட். அப்படியானால் ஒரு யூனிட்டுக்கு 92,721 பேர். புளோரிடா எல்லையை ஒட்டிய எக்கோல்ஸ் என்னும் குட்டிக் கவுண்டியில் 1,876 பேர். அதற்கு 2 யூனிட், அதாவது ஒன்றுக்கு 938 பேர். வகுத்துப் பார்த்தால் எக்கோல்ஸில் வசித்தவரின் வாக்கு அட்லாண்டாக்காரரின் வாக்கைப்போல 99 மடங்கு கனம். ஒரே தராசு, ஒரே பொருள். தெருவுக்குத் தெரு எடைக்கல் மட்டும் வேறு.

இந்த இடைவெளி தானாகவே வளரும் தன்மை கொண்டது என்பதுதான் இதில் சுவையான சங்கதி. உச்ச வரம்பு 6 யூனிட் என்று பூட்டிவிட்டார்கள். கிராமத்தில் பிழைப்பில்லாமல் ஒரு குடும்பம் அட்லாண்டாவுக்குக் குடிபெயர்ந்தால், போன இடத்தில் ஆறு யூனிட்டைப் பங்கு போட இன்னும் நான்கு பேர் கூடுவார்கள். விட்டுவந்த ஊரில் இரண்டு யூனிட்டைப் பங்கு போட நான்கு பேர் குறைவார்கள். ஆலைகளும் சாலைகளும் நகரை நோக்கி மக்களை இழுக்க இழுக்க, அதிகாரம் எதிர்த் திசையில் நகர்ந்தது. சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட யாரும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

எல்லைவரை போய்க் கணக்குப் போட்டால் இன்னும் விசித்திரம். 206 யூனிட் சேர்க்க 103 இரண்டு யூனிட் கவுண்டிகள் போதும். அப்படிப்பட்டவை 121 இருந்தன. அட்லாண்டா, சவானா, மேகன், அகஸ்டா, கொலம்பஸ் என்று எந்த நகரத்திலும் ஒரு வாக்குக்கூட வாங்காமல் ஒருவர் ஆளுநராக முடியும். டால்மட்ஜ் இதை நன்றாக அறிந்தவர். டிராம் வண்டி ஓடும் கவுண்டிகளின் ஆதரவே தனக்கு வேண்டியதில்லை என்று அவர் பெருமையடித்துக்கொண்டதாகச் சொல்வார்கள். சிவப்பு நிறக் கால்சட்டை வார்களை இழுத்துவிட்டுக்கொண்டு கிராமத்து மேடைகளில் முழங்கினார். 1946இல் அவர் வாங்கியது 43 சதவீத வாக்கு. கிடைத்தது 242 யூனிட், அதாவது 59 சதவீதம். அவரைவிட அதிக வாக்கு வாங்கிய கார்மைக்கேலுக்கு 146. மூன்றாவதாக வந்த முன்னாள் ஆளுநர் ரிவர்ஸுக்கு 22. (சிறு கவுண்டிகளின் மொத்த யூனிட்டும் 242தான். இரண்டும் பொருந்தி வந்தது தற்செயல். டால்மட்ஜ் எல்லாச் சிறு கவுண்டிகளையும் வென்றுவிடவில்லை.)

இதில் நிறத்தின் கணக்கும் உண்டு. வெள்ளையர் மட்டுமே பிரைமரியில் வாக்களிக்கலாம் என்ற தடையை நீதிமன்றங்கள் உடைத்தபின் நடந்த முதல் பெரிய தேர்தல் அது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் பெயர் பதிந்திருந்தார்கள். பல கிராமக் கவுண்டிகளில் டால்மட்ஜின் ஆட்கள் அவர்களுடைய தகுதியைக் கேள்வி கேட்டுப் பட்டியலிலிருந்து கூட்டம் கூட்டமாக நீக்க வைத்தார்கள். நகரங்களில் அப்படி நீக்கவேண்டிய அவசியம்கூட அவ்வளவாக இல்லை. அங்கே விழும் வாக்கை யூனிட் கணக்கே கரைத்துவிடும். சிறு கவுண்டியில் சில நூறு வாக்குகள் இரண்டு யூனிட்டைப் புரட்டிப் போடும் என்பதால், உள்ளூர்ப் பெரிய மனிதர்களைக் கையில் போட்டுக்கொள்வது கெட்டிக்காரத்தனமான பிரசாரமாக இருந்தது.

இரண்டாவது கோளாறு கொஞ்சம் ஒளிந்திருப்பது. எல்லா எடைக்கற்களையும் சரிசெய்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். தலா பத்தாயிரம் வாக்காளர் கொண்ட மூன்று கவுண்டிகள். மூன்றுக்கும் சம யூனிட். ஒருவர் இரண்டில் தலா 5,100 வாக்கு வாங்கி ஜெயிக்கிறார், மூன்றாவதில் 1,000 வாங்கித் தோற்கிறார். மொத்தம் 30,000இல் அவருக்கு 11,200. எதிராளிக்கு 18,800. யூனிட் கணக்கில் இவர்தான் வெற்றியாளர். எடை சமமாக இருந்தும் விடை கோணலாகிறது. நடுவில் ஒரு முறை முழு எண்ணாக்கியதுதான் காரணம். பள்ளியில் கணக்கு வாத்தியார் இடைப்படியில் தசமங்களை உதறாதே, கடைசியில் மட்டும் உதறு என்று காதைத் திருகியது நினைவிருக்கிறதா? கவுண்டிதோறும் வெற்றியாளருக்கே எல்லாம் என்பது இடைப்படியில் உதறுவது.

டால்மட்ஜ் பதவியேற்கவே இல்லை. டிசம்பர் 21 அன்று இறந்துபோனார். அதன்பிறகு நடந்தது கேலிக்கூத்து. அவரது உடல்நிலையை அறிந்த ஆதரவாளர்கள் சிலர் நவம்பரில் அவருடைய மகன் ஹெர்மனின் பெயரைச் சீட்டில் கையால் எழுதிப் போட்டிருந்தார்கள். பெரும்பான்மை பெற்றவர் இல்லையென்றால், உயிரோடிருப்பவர்களில் அதிக வாக்கு வாங்கிய இருவரிலிருந்து சட்டமன்றம் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்றது மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவு. முதலில் எண்ணியபோது ஹெர்மன் மூன்றாமிடம். டால்மட்ஜ் குடும்பத்தின் சொந்தக் கவுண்டியான டெல்ஃபேரிலிருந்து 58 சீட்டுகள் பின்னர் கண்டெடுக்கப்பட்டு, 675 வாக்குகளோடு அவர் முதலிடத்துக்கு ஏறினார். வாக்களித்தவர்கள் அகர வரிசையில் வந்து வாக்களித்திருந்ததையும், அவர்களில் சிலர் ஏற்கெனவே இறந்தவர்கள் என்பதையும் அட்லாண்டா ஜர்னல் நாளேட்டின் செய்தியாளர் ஜார்ஜ் குட்வின் பிறகு வெளிக்கொண்டு வந்து புலிட்சர் பரிசு பெற்றார்.

அதற்குள் சட்டமன்றம் ஹெர்மனைத் தேர்ந்தெடுத்துவிட்டது. பதவியிலிருந்த எல்லிஸ் ஆர்னல் நாற்காலியை விடமாட்டேன் என்றார். துணை ஆளுநராகத் தேர்வான தாம்சன் தானே வாரிசு என்றார். ஒரே மாநிலத்துக்கு மூன்று ஆளுநர்கள். ஹெர்மனின் ஆட்கள் அலுவலகப் பூட்டை மாற்றினார்கள். மாநிலச் செயலர் பென் ஃபோர்ட்சன் அரசு முத்திரையைத் தன் சக்கர நாற்காலி மெத்தைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். 1947 மார்ச்சில் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் தாம்சன் பக்கம் தீர்ப்பளித்தது.

யூனிட் முறையோ அசையவில்லை. அதைப் பொதுத்தேர்தலுக்கும் நீட்டிக்க 1950இலும் 1952இலும் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். இரண்டு முறையும் தோற்றது. அந்த வாக்கெடுப்புகளில் தலைகளைத்தான் எண்ணவேண்டும் என்று விதி இருந்தது. யூனிட்டுகளால் எண்ணியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசிக்கச் சிரிப்பு வருகிறது.

கதவைத் திறந்தது 1962. தொகுதிப் பங்கீட்டு வழக்குகளை விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரம் உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த மார்ச்சில் சொன்னது. உடனே ஃபுல்டன் வாக்காளர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். பதறிப்போன மாநிலம் யூனிட்டுகளை மக்கள்தொகையோடு ஓரளவு பொருத்திப் புதிய அட்டவணை போட்டது. கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த ஆண்டு பிரைமரி தலைக்கு ஒரு வாக்கு என்றே எண்ணப்பட்டு, கார்ல் சாண்டர்ஸ் வென்றார். மேல்முறையீட்டுக்குக் 'கிரே எதிர் சாண்டர்ஸ்' என்று பெயர். வழக்குப் போட்ட சாண்டர்ஸ் வேறு, ஆளுநரான சாண்டர்ஸ் வேறு. அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி தானே வந்து யூனிட் முறைக்கு எதிராக வாதாடினார்.

1963 மார்ச் 18 அன்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு. அரசியல் சமத்துவம் என்பதற்கு 'ஒருவருக்கு ஒரு வாக்கு' என்ற ஒரே பொருள்தான் உண்டு என்று நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதியதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்குப் பிடித்தது அதன் அடிக்குறிப்பு. யூனிட்டுகளை மக்கள்தொகைக்கு அச்சாகப் பொருத்தினாலும் குறை தீராது என்கிறார் அதில். பத்தாயிரம் வாக்குள்ள கவுண்டியில் ஒருவர் ஆறாயிரம் வாங்கினால் யூனிட் முழுதும் அவருக்கே. மற்ற நாலாயிரமும் தூக்கி எறியப்படுவதற்காகவே எண்ணப்படுகின்றன. இரண்டாவது கோளாறு அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. இதேபோல மாநிலம் மாநிலமாகக் கட்டி எண்ணும் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் முறையை மட்டும், அது அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதப்பட்டது என்பதால், தீர்ப்பு தொடவில்லை. 2000இலும் 2016இலும் குறைந்த வாக்கு வாங்கியவர் வெள்ளை மாளிகைக்குப் போனது அந்த வழியாகத்தான்.

ஜார்ஜியாவுக்கு 1966இல் இன்னொரு வேடிக்கை காத்திருந்தது. ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் கால்வே, ஜனநாயகக் கட்சியின் லெஸ்டர் மேடாக்ஸைவிடச் சுமார் 3,000 வாக்குகள் கூடுதலாக வாங்கினார். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருவரையும் வேண்டாமென்று வேறொரு பெயரைக் கையால் எழுதிப் போட்டதால் யாருக்கும் பெரும்பான்மை இல்லை. 1947இல் ஹெர்மனுக்காகத் தூசி தட்டப்பட்ட அதே பிரிவு மறுபடி வெளியே வந்தது. 1967 ஜனவரியில் சட்டமன்றம் 182க்கு 66 என்று மேடாக்ஸைத் தேர்ந்தெடுத்தது. அந்த ஐம்பதாயிரம் சீட்டுகளில் எழுதப்பட்டிருந்த பெயர், இருபது ஆண்டுகளுக்கு முன் நாற்காலியை விட மறுத்த எல்லிஸ் ஆர்னல்.