நேற்று இதே நேரம் எவ்வளவு? காற்றழுத்த சென்சார் வைத்திருப்பவர்களுக்கு

வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட் அலுவலகத்தின் கூரையில் வானிலைக் கருவி ஒன்றைப் பொருத்திவிட்டுக் கிளம்பினேன். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, ஆழியாறில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தால் போன். எஸ்டேட்டின் மூத்த சூப்பர்வைசர்.

“தம்பி, டிஸ்பிளேல 893-னு காட்டுதுங்க. எம்பையன் நெட்ல பாத்துட்டுச் சொல்றான், ஒடிசாவுல அத்தன சனத்தக் கொன்ன சூப்பர் புயலுக்கே 912 தானாமுங்க. ஆளுகள எல்லாம் கீழ அனுப்பிரட்டுங்களா?”

“புயலெல்லாம் ஒண்ணும் இல்லீங்ண்ணா. நான் பண்ணுன தப்புங்க அது. நாளைக்கு மறுபடி மேல வர்றேனுங்க.”

பையன் படித்த எண் சரிதான். 1999 அக்டோபர் கடைசியில் ஒடிசாவைத் தாக்கிய புயலின் மையத்தில் 912 ஹெக்டோபாஸ்கல் என்றுதான் பதிவாகியிருக்கிறது. (பழைய ஆட்கள் சொல்லும் மில்லிபாரும் இதுவும் ஒன்றே.) சென்சார் காட்டிய 893-ம் சரிதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான் வினை. புயலுக்குச் சொல்வது கடல் மட்டத்து அழுத்தம். வால்பாறையோ கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கிறது. மேலே போகப் போக நம் தலைக்கு மேல் இருக்கும் காற்று குறைகிறது, எடையும் குறைகிறது. நம் ஊர் வெயிலுக்கு, தரையோரத்தில் ஏறத்தாழ 9 மீட்டர் ஏறினால் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். அதனால்தான் கோயம்புத்தூரில் சாதாரண நாளிலேயே 965-ஐ ஒட்டியும், ஊட்டியில் 780-ஐ ஒட்டியும் காட்டும். அந்தக் கணக்கில் ஊட்டிக்காரர்கள் தினமும் சூப்பர் புயலுக்குள் குடித்தனம் நடத்துகிறார்கள்.

செய்தியிலும் வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையிலும் வருவது கடல் மட்டத்துக்கு மாற்றிய எண். நம் கருவியும் அப்படி மாற்றித் தர வேண்டுமென்றால், இடத்தின் உயரத்தை அதில் பதிய வேண்டும். நான் பதியாமல் இறங்கிவிட்டேன்.

உயரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பலர் போனில் ஜிபிஎஸ் பார்த்துப் போடுகிறார்கள். ஜிபிஎஸ் தரும் பச்சையான உயரம் பூமியைக் கணக்குக்காக ஒரு வழவழப்பான முட்டை வடிவமாக வைத்து அளந்தது. உண்மையான கடல் மட்டம் நம் பக்கத்தில் அந்த வடிவத்துக்குச் சுமார் 90 மீட்டர் கீழே கிடக்கிறது. இந்தியாவுக்குத் தெற்கே ஈர்ப்பு விசை குறைந்த பெரிய பகுதி ஒன்று இருப்பதுதான் காரணம். இதைத் திருத்தாத செயலியில் பார்த்தால் மெரினாவில் நிற்பவர் கடலுக்கு அடியில் நிற்பதாகக் காட்டும். அந்த 90 மீட்டர் பிழை அழுத்தத்தில் 10 ஹெக்டோபாஸ்கலாக வந்து உட்காரும். பக்கத்து ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையைப் பாருங்கள், கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று எழுதியிருக்கும். அங்கிருந்து உங்கள் இடம் எவ்வளவு ஏற்றம், எவ்வளவு இறக்கம் என்று கூட்டிக் கழித்தால் போதும்.

சரி, உயரத்தைப் போட்டாயிற்று, எண்ணும் 1010-ஐ ஒட்டி வந்துவிட்டது. அடுத்த போன் மூன்றாம் நாள் வரும். இதுவரை நான் மாட்டிய இடங்களில் பாதிக்கு மேல் இந்த அழைப்பு வந்திருக்கிறது. “காலைல 1012 இருந்துச்சு, இப்ப 1008. மூணு மணி நேரமா இறங்கிட்டே இருக்கு.” கேட்பவர் குரலிலேயே மழை அடிக்கும்.

அது மழையில்லை. காற்றுக்கும் கடல் அலை மாதிரி ஏற்ற இறக்கம் உண்டு. காலை 10 மணியை ஒட்டி உச்சம், மாலை 4 மணிக்கு அடி, இரவு 10-க்கு மறுபடி உச்சம், விடிகாலை 4-க்கு மறுபடி அடி. சூரியன் மேல் வளிமண்டலத்தைச் சூடாக்குவதால் எழும் அலை இது. பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதிகளில்தான் பெரிதாகத் தெரியும். நம் ஊரில் உச்சத்துக்கும் அடிக்கும் 3, 4 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் சர்வ சாதாரணம்.

ஐரோப்பாவில் எழுதிய கையேட்டை அப்படியே நம்பினால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். அந்த ஊர்களில் இந்த அலை சிறிது, வந்து போகும் தாழ்வுகளோ ஆழமானவை. அதனால் “மூன்று மணி நேரத்தில் இத்தனை இறங்கினால் மழை” என்று கருவிக்குள் எழுதி வைத்திருப்பார்கள். டிஸ்பிளேயில் தெரியும் அந்த மேக பொம்மையும் குடை பொம்மையும் அப்படித்தான் வருகின்றன. நம் ஊர்ச் சித்திரை வெயிலில், மேகமே இல்லாத மாலையில், அது குடை காட்டும். பொம்மைகளை அணைத்து வைக்க முடியுமென்றால் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகும்போது ஆரம்பத்தில் அழுத்தம் இறங்குவதே சில ஹெக்டோபாஸ்கல்தான். தினசரி அலை அளவுக்குத்தான் இருக்கும். அலையையும் தாழ்வையும் எப்படிப் பிரிப்பது? காலையோடு மாலையை ஒப்பிடாதீர்கள். நேற்று மாலை 4 மணியோடு இன்று மாலை 4 மணியை ஒப்பிடுங்கள். அலை இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கும், கழித்தால் போய்விடும். மிஞ்சுவதுதான் வானிலை. வானிலைத் துறையும் 24 மணி நேர அழுத்த மாற்றம் என்று இதைத் தனியாகவே கணக்கெடுக்கிறது. நான் இப்போது பொருத்தும் கருவிகளில் பெரிய எழுத்தில் வருவது இந்த எண்தான். அழுத்தம் சின்ன எழுத்தில் ஓரமாக இருக்கும்.

இந்த அலையால் ஒரு ஆராய்ச்சி மாணவி படாத பாடு பட்டார். கிணற்று நீர்மட்டத்தை அளக்க அடியில் ஒரு அழுத்த சென்சாரை இறக்கியிருந்தார். வரைபடத்தில் நீர்மட்டம் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கியது, மூன்று நான்கு சென்டிமீட்டர். நிலவின் ஈர்ப்பு என்று ஆய்வேட்டில் ஒரு பத்தியே எழுதிவிட்டு, சந்தேகம் தீராமல் என்னிடம் வந்தார். “சார், கிணத்துல ஏது சார் அலை?”

உச்சம் எத்தனை மணிக்கு வருகிறது என்று கேட்டேன். தினமும் பத்து மணியை ஒட்டி என்றார். நிலவின் வேலையாக இருந்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளித் தள்ளிப் போக வேண்டும். பத்து மணியிலேயே நிற்கிறது என்றால் சூரியன், அதாவது காற்று. வெளிக்காற்றின் அழுத்தத்தைச் சென்சாரின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோகும் மெல்லிய காற்றுக் குழாய் அந்த சென்சாருக்குக் கிடையாது. தண்ணீரின் எடையையும் அதற்கு மேல் நிற்கும் காற்றின் எடையையும் சேர்த்தே அளக்கிறது. 1 ஹெக்டோபாஸ்கல் என்பது ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் தண்ணீர். கிணற்று மேட்டில் இன்னொரு காற்றழுத்த சென்சாரை வைத்துக் கழித்தோம். வரைபடம் நேர்கோடாகிவிட்டது. பாவம், அந்தப் பத்தி போயிற்று. ஏரி, போர்வெல் என்று இப்போது நிறையப் பேர் இப்படிப்பட்ட கருவிகளை இறக்குகிறார்கள். வாங்கும்போதே காற்றுக் குழாய் உண்டா என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் மேலே ஒரு சென்சாருக்கும் சேர்த்துக் காசு எடுத்து வையுங்கள்.

என் சொந்தக் கூத்து ஒன்றையும் சொல்ல வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. மழைத் தண்ணீர் உள்ளே போய்விடக் கூடாது என்று டப்பாவின் எல்லா விளிம்பிலும் சிலிகான் பூசி, கேபிள் நுழையும் துளையையும் அடைத்து, அழகாக மூடிவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அழுத்தம் நடுப்பகலில் உச்சிக்குப் போகிறது. மேகம் மறைத்தால் இறங்குகிறது. சென்சார் பழுது என்று நினைத்து மாற்றினேன். புதியதும் அதையே சொன்னது.

மூடிய டப்பாவுக்குள் அடைபட்ட காற்று ஒரு டிகிரி சூடானால் மூன்று ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் அழுத்தம் ஏறும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வெயிலில் டப்பா இருபது டிகிரி ஏறும். நல்லவேளையாக என் பூச்சு அவ்வளவு நேர்த்தியாக இல்லை, எங்கேயோ கசிந்துகொண்டிருந்தது. இல்லாவிட்டால் இன்னும் பயங்கரமான எண்கள் வந்திருக்கும். அந்த வாரம் முழுக்க நான் அளந்தது தோப்பின் வெயிலை. அப்புறம் டப்பாவின் அடிப்பக்கத்தில் துளை போட்டு, காற்றை விட்டுத் தண்ணீரை விடாத சவ்வு வைத்த அடைப்பானைத் திருகினேன். விலை அதிகமில்லை. வெறும் துளையாக விட்டால் குளவி மண்கூடு கட்டி மூடிவிடும், அதையும் பார்த்தாயிற்று.

துளை காற்றடிக்கும் திசைக்கு நேராகவும் இருக்கக் கூடாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று வீசும்போது, வினாடிக்கு 10 மீட்டர் வேகம் என்றால் அதன் மோதல் மட்டுமே 0.6 ஹெக்டோபாஸ்கல்வரை சேர்க்கும். வானிலைக்கு அது சில்லறை. அழுத்தத்தை வைத்து உயரம் பார்க்கும் டிரோனுக்கு அது 5 மீட்டர் உயரப் பிழை. டிரோன் பலகைகளில் இந்தச் சென்சாரின் மேல் கறுப்புப் பஞ்சுத் துண்டு ஒட்டியிருப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இறக்கை கிளப்பும் காற்றைத் தணிக்கும், வெளிச்சத்தையும் மறைக்கும். சில வகைச் சென்சார்களில் வெயில் நேராக விழுந்தாலே அளவு குதிக்கும். அழகாக இல்லை என்று அதைப் பிய்த்துப் போட்ட மாணவர் உண்டு.

அழுத்தத்தை வைத்து உயரம் கணக்கிடும் மாணவர்களுக்கு ஒன்று. இணையத்தில் கிடைக்கும் நிரல்களில் கடல் மட்ட அழுத்தம் 1013.25 என்று எழுதியிருக்கும். அது ஒரு சர்வதேசச் சராசரி. சென்னையில் ஆனி மாதத்தில் 1005 இருக்கும் நாளில் அந்த நிரலை ஓட்டினால், கடற்கரை மணல் 70 மீட்டர் உயரத்தில் இருப்பதாகச் சொல்லும். விமானிகள் இறங்கும் முன் அந்த நேரத்து அழுத்தத்தைக் கேட்டு வாங்கி உயரமானியைத் திருத்துவது இதற்காகத்தான். அந்த எண் நமக்கும் இலவசம். விமான நிலையங்களின் வானிலைக் குறிப்பில் க்யூ (Q) என்ற எழுத்துக்குப் பின்னால் நான்கு இலக்கமாக வரும். தசமத்தை வெட்டிவிட்டுத்தான் தருவார்கள் என்பதால் ஒன்றோடு நிற்காமல் பத்துப் பதினைந்து குறிப்புகளோடு ஒப்பிட்டு, உங்கள் சென்சாரின் நிரந்தர வித்தியாசத்தைக் கண்டுபிடியுங்கள். 1 ஹெக்டோபாஸ்கல் விலகல் இருந்தால் பழுது என்று தூக்கிப் போடாதீர்கள். பிஎம்பி280 போன்ற காற்றழுத்தச் சில்லுகளுக்குத் தயாரிப்பாளர் தரும் வரம்பே அவ்வளவுதான். பலகையில் பற்ற வைத்த சூட்டிலேயே கொஞ்சம் நகரும். ஆனால் ஏற்ற இறக்கத்தைச் சொல்வதில் அது கெட்டி.

போனில் இந்தச் சென்சார் இருந்தால் இப்போதே சோதிக்கலாம். அழுத்தம் காட்டும் செயலியைத் திறந்து, போனைத் தரையில் வைத்து எண்ணைப் பாருங்கள். அப்புறம் பீரோ மேல் வையுங்கள். இரண்டு மீட்டர்தான், எண் 0.2 இறங்கும். காற்றுக்கு எடை உண்டு என்று பிள்ளைகளுக்கு இதைவிடச் சுலபமாகக் காட்ட எனக்கு வழி தெரியவில்லை.

வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாக. ஈரப்பதமும் அளக்கும் பிஎம்இ280 என்று சொல்லி பிஎம்பி280-ஐத் தலையில் கட்டுகிறார்கள். சில்லுக்குள் இருக்கும் அடையாள எண்ணை நிரல் வழியாகப் படித்தால் குட்டு உடையும், பிஎம்இ என்றால் ஹெக்ஸாவில் (பதினாறு அடிமான எண்ணில்) 60, பிஎம்பி என்றால் 58. சில்லுக்கு 3.6 வோல்ட்டுக்கு மேல் ஆகாது, ஆர்டுயினோ பலகையின் 5 வோல்ட்டை நேராகக் கொடுத்துவிடாதீர்கள். மூடியில் இருக்கும் ஊசிமுனைத் துளை அழுக்கு இல்லை, அதைக் குத்தாதீர்கள், அதன்மேல் வார்னிஷ் அடிக்காதீர்கள். இன்னொன்று, கூரையில் ஒரு கருவி இருக்கிறதென்று புயல் எச்சரிக்கையைக் கேட்காமல் கடலுக்குப் போகாதீர்கள். ஒரு புள்ளியில் இருக்கும் சென்சாருக்குப் புயல் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது.

வால்பாறை அண்ணன் இப்போது டிஸ்பிளேயை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. கொழுந்து எடைபோடும் இடத்தில் ஒரு கரும்பலகை, அதில் தினமும் 4 மணிக்குச் சுண்ணக்கட்டியில் எண் எழுதுகிறார், பக்கத்தில் நேற்றைய எண். ஒரு ஐப்பசியில் கூப்பிட்டார். “தம்பி, நேத்தைக்கு விட இன்னைக்கு 2.7 கம்மிங்க. ரேடியோவுல கடல்ல தாழ்வு மண்டலம்னாங்க. ரெண்டும் ஒத்துப் போகுதுங்க. நாளைக்குக் காலைல கொழுந்து கம்மியாத்தான் வரும்.”

அடுத்த நாள் நானே கூப்பிட்டேன். பின்னால் தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தத்தில் அவர் பேசியது ஒன்றும் காதில் விழவில்லை.