நண்டு வளையும் கணைக்கால் எலும்பும்

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் முதலாண்டு படிக்கும் மாணவி ஆகஸ்ட் மாத நடுவில் எனக்கு எழுதியிருந்தார். அவர்கள் கல்லூரியில் இந்த ஆண்டுதான் ஓட்ட அணி தொடங்கியிருக்கிறார்கள். தடகளமும் உண்டு, கிராஸ் கன்ட்ரியும் உண்டு. "ஜூலை இரண்டாம் வாரம் தொடங்கினோம். முதல் நாள் 2 கிலோமீட்டருக்கே மூச்சு வாங்கியது. இப்போது பேசிக்கொண்டே 6 கிலோமீட்டர் ஓடுகிறேன். ஆனால் மாஷ் நான்காவது வாரம் தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறது, அதில் வேகமாக ஓட விடமாட்டேன் என்கிறார். நன்றாக ஓட முடிகிறபோது எதற்காகத் தடுக்க வேண்டும்?"

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளம். ஆனால் பனைமரமும் மாறுவதில்லை, தமிழும் மாறுவதில்லை. பயிற்சியாளரை 'மாஷ்' என்று கூப்பிடுவதில் மட்டும் எல்லை தெரியும். ஒரு சனிக்கிழமை விடிகாலையில் போய் அந்த மாஷைப் பார்த்தேன். பிள்ளைகள் வாய்க்கால் கரை மண்பாதையில் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தார்கள். மாணவியின் கேள்வியைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. "மூச்சு சீக்கிரம் வந்துவிடும் சார். எனக்குப் பயமே அதுதான்" என்றார்.

அந்தப் பயத்துக்குப் பின்னால் இருக்கும் அறிவியல் உயிரியலிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதிகளில் ஒன்று.

மூச்சின் கதை எளிது. ஓடத் தொடங்கிய சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் அளவு உயர்கிறது. அடுத்த சில வாரங்களில் தசைச் செல்களுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. 1967-இல் ஜான் ஹாலோசி என்ற ஆய்வாளர் எலிகளை ஓடவிட்டு இதை முதன்முதலில் தெளிவாகக் காட்டினார். ஆறாவது வாரத்தில் எந்தப் புதுப் பிள்ளைக்கும் "இன்னும் ஓடலாம்" என்றுதான் தோன்றும். இதயமும் தசையும் சொல்வது உண்மையே. எலும்பு மட்டும் அந்த நேரத்தில் வேறொரு வேலையில் இருக்கிறது.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் தரை நம் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசையைத் திருப்பித் தருகிறது. 6 கிலோமீட்டர் ஓடினால் ஒரு காலுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள். ஒவ்வோர் அடிக்கும் கணைக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து நிமிர்கிறது. அதனால் எலும்புக்குள் நுண்ணிய கீறல்கள் விழுகின்றன. அவை விழுவது இயல்பு, ஒரு வகையில் தேவையும்கூட. கீறலை எலும்பு எப்படிச் சரிசெய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நெல்வயல் வரப்பில் நண்டு வளை போட்டிருந்தால் விவசாயி என்ன செய்வார்? மேலே ஒரு கை சேற்றை அப்பிவிட்டுப் போக மாட்டார். வளையை வெட்டித் திறந்து, இளகிய மண்ணையெல்லாம் தோண்டி எடுத்துவிட்டு, பிறகு களிமண்ணை வைத்து மிதித்துக் கெட்டிப்படுத்துவார். வெட்டித் திறந்த பொழுதில் வரப்பு முன்னைவிடப் பலவீனமாகத்தான் இருக்கும். அந்த நேரம் பார்த்து வாய்க்காலில் முழுத் தண்ணீரைத் திறந்துவிட்டால் வரப்பே போய்விடும்.

எலும்பும் இப்படியே செய்கிறது. முதலில் தோண்டுகிறது, பிறகு நிரப்புகிறது.

யார் அதற்குச் செய்தி சொல்கிறார்கள்? எலும்பு ஒரு கல் அல்ல. வளர்ந்த மனிதனின் எலும்புக்கூட்டுக்குள் சுமார் 4,200 கோடி ஆஸ்டியோசைட் செல்கள் புதைந்திருக்கின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு சிறு குழியில் உட்கார்ந்துகொண்டு, மயிரிழையைவிட மெல்லிய கால்வாய்கள் வழியாகத் தன் இழைகளை நீட்டி அக்கம்பக்கத்துச் செல்களைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. எலும்பு வளையும்போது அந்தக் கால்வாய்களில் இருக்கும் திரவம் நகர்கிறது. அந்த நீரோட்டத்தைத்தான் செல்கள் சுமையாக உணர்கின்றன. ஒரு கீறல் குறுக்கே ஓடினால் சில இழைகள் அறுபடும். அறுபட்ட செல்கள் மடியும்போது "இங்கே தோண்டுங்கள்" என்ற வேதிச்செய்தி சுற்றிலும் பரவுகிறது.

செய்தி கேட்டு வருபவை ஆஸ்டியோகிளாஸ்ட்கள், எலும்பைக் கரைக்கும் பெரிய செல்கள். அவை கூட்டாக முன்னே நின்று அமிலத்தைச் சுரந்து தாதுவைக் கரைக்கின்றன, நொதிகளால் புரதத்தை அரிக்கின்றன. கெட்டியான எலும்புக்குள் 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சுரங்கம் உருவாகிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.04 மில்லிமீட்டர் முன்னேறுகிறார்கள். ஒரு மில்லிமீட்டர் தோண்ட இருபத்தைந்து நாள்! பின்னாலேயே ஓர் இரத்தக்குழாய் வளர்ந்து வருகிறது. அதை ஒட்டி வரிசையாக வருபவை ஆஸ்டியோபிளாஸ்ட்கள், கட்டுகிறவர்கள். சுரங்கச் சுவரின் மேல் நாளொன்றுக்கு ஒரு மைக்ரோமீட்டர் வீதம் புதிய எலும்பைப் பூசிக்கொண்டு உள்நோக்கி வருகிறார்கள். ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நடுவில் இரத்தக்குழாய்க்கு மட்டும் இடம் விட்டு நிரப்பி முடிக்க மூன்று மாதம் ஆகிறது. அதற்குப் பிறகும் தாது முழுமையாக இறுகப் பல மாதங்கள் பிடிக்கும்.

தோண்டுகிறவர்களின் வேலை ஓர் இடத்தில் மூன்று நான்கு வாரத்தில் முடிந்துவிடுகிறது. நிரப்புகிறவர்களுக்கு மூன்று மாதம் வேண்டும். இந்த இரண்டு வேகங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஓடுபவரின் கணைக்கால் எலும்பு ஓடத் தொடங்குவதற்கு முன்பு இருந்ததைவிடச் சற்று நுண்துளைகள் மிகுந்ததாக, சற்று மெலிந்ததாக இருக்கிறது. மூச்சு நன்றாக வந்து, "இன்னும் ஓடலாம்" என்று உடம்பு கேட்கும் அதே வாரங்கள் இவை!

1855-இல் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்யப் படை மருத்துவர், நீண்ட நடைக்குப் பிறகு இளம் சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதை எழுதிவைத்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான், 1890-களின் இறுதியில், அது எலும்பு முறிவு என்று தெரிந்தது. அடிபடாமல் விழும் இந்த அழுத்த முறிவு, புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் முதல் சில வாரங்களிலேயே அதிகம் தலைகாட்டுகிறது என்பதைப் படை மருத்துவர்கள் பிறகு பல நாடுகளில் பதிவு செய்திருக்கிறார்கள்.

நிரம்பிய சுரங்கத்தின் அழகையும் சொல்லிவிட வேண்டும். அதன் விளிம்பைச் சுற்றி மெல்லிய எல்லைக்கோடு ஒன்று இருக்கும். அடுத்த முறை ஒரு கீறல் ஓடிவந்தால் பெரும்பாலும் அந்தக் கோட்டில் முட்டி, திசை மாறி, வலு இழந்து நின்றுவிடும். இதற்கிடையே எலும்பின் வெளிப்பரப்பிலும் புதுப்பூச்சு ஏறுகிறது. நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 12 மில்லிமீட்டர் வெளி ஆரமும் 6 மில்லிமீட்டர் உள் ஆரமும் கொண்ட ஒரு குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே அரை மில்லிமீட்டர் மட்டும் பூசினால் பொருள் 11 சதவீதம் கூடுகிறது, வளைவை எதிர்க்கும் விறைப்போ 19 சதவீதம் கூடுகிறது. ஆரத்தின் நான்காம் மடி செய்யும் வேலை இது. டென்னிஸ் வீரர்களின் ஆடும் கையில் மேற்கை எலும்பின் சுவர் மற்றக் கையைவிட மூன்றில் ஒரு பங்கு தடித்திருப்பதை 1970-களிலேயே அளந்திருக்கிறார்கள். ஆகவே எலும்பு நிச்சயம் பலப்படும். நாள் மட்டும் வேண்டும்.

மாஷ் ஏன் காலையில் இருபது நிமிடமும் மாலையில் இருபது நிமிடமும் பிரித்து ஓடவைக்கிறார் என்றும் மாணவி கேட்டிருந்தார். எலும்புச் செல்கள் சுமையைக் கொஞ்ச நேரத்திலேயே கேட்டுப் பழகிவிடுகின்றன. அதற்குப் பிறகு ஓடும் அடிகள் கீறலைத்தான் கூட்டுகின்றன, கட்டச்சொல்லும் செய்தியைக் கூட்டுவதில்லை. ராப்ளிங், டர்னர் என்ற எலும்பு ஆய்வாளர்களின் குழுவினர் எலியின் காலுக்கு ஒரே மூச்சில் 360 முறை சுமை கொடுத்துப் பார்த்தார்கள். அதையே 90 வீதம் நான்கு வேளையாகப் பிரித்தும் கொடுத்தார்கள். பிரித்துக் கொடுத்த எலிகளிடம் அதிக எலும்பு வளர்ந்தது. செல்களின் கேட்கும் திறன் முழுதாகத் திரும்ப எட்டு மணி நேரம் போல ஆகிறது என்றும் கண்டார்கள். காலை ஆறு மணிக்கும் மாலை நாலரைக்கும் இடையில் அந்த எட்டு மணி நேரம் தாராளமாக இருக்கிறது.

இதையெல்லாம் நான் ஆர்வத்தோடு எழுதக் காரணம் உண்டு. பத்தொன்பது வயதில் நானும் இப்படிப் புதிதாகத் தொடங்கிய ஓர் அணியில் ஓடினேன். ஏழாவது வாரம் கணைக்காலில் விரல்நுனி அளவு இடத்தில் வலி வந்தது. பயிற்சி கொடுத்தவர் சோம்பல் என்றார். வீட்டில் கண்ணேறு என்று கணுக்காலில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். நல்லெண்ணெய் போட்டு வலிக்கும் இடத்தையே ஒருவர் அழுத்தி உருவிவிட்டார். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து எடுத்ததில் கோடு தெரிந்தது. எலும்பு ஆற ஆரம்பித்த பிறகுதான் எக்ஸ்ரேயில் பிடிபடுவது வழக்கம் என்று அப்போது எனக்குச் சொல்ல ஆளில்லை. கயிறு கட்டியதால் கெடுதல் இல்லை என்று பலர் சொல்வார்கள். கெடுதல் இருந்தது. கயிறை நம்பி மூன்று வாரம் ஓடினேன்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு மூடநம்பிக்கை இதைவிட ஆபத்தானது. பயிற்சி கூடும்போது மாதவிடாய் நின்றுபோனால் 'ஓடுகிற பெண்ணுக்கு அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறார்கள். அது உணவு போதவில்லை என்று உடல் சொல்லும் செய்தி. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்தால் ஆஸ்டியோகிளாஸ்ட்களைக் கட்டுப்படுத்த ஆளில்லாமல் போகிறது. தோண்டுதல் ஓயாது, நிரப்புதல் எட்டாது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதை எச்சரித்துவிட்டது. விடுதியில் காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு வகுப்புக்கு ஓடும் வழக்கத்தை மாஷ் முதல் வாரமே நிறுத்தியிருக்கிறார். ஓட்டம் முடிந்ததும் ராகிக் கூழும் வேர்க்கடலையும் கொடுக்கிறார்கள். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசி இதற்குப் பக்கத்தில்கூட வராது.

முண்டூரும் இதே பாலக்காடு மாவட்டம்தான். அங்கிருந்து வந்த பி.யு.சித்ரா 1500 மீட்டரில் 2017-இல் புவனேசுவரத்திலும் 2019-இல் தோகாவிலும் ஆசியப் பட்டம் வென்றார். திறமைக்குப் பஞ்சம் இல்லாத மண் இது. ஆனால் அழுத்த முறிவைப் பற்றி நான் படித்த ஆய்வுகள் பெரும்பாலும் வெளிநாட்டுப் படைவீரர்களையும் அங்குள்ள கல்லூரி ஓட்டக்காரர்களையும் அளந்து எழுதியவை. செருப்பில்லாமல் வளர்ந்து, அரிசி சாப்பிட்டு, இந்த வெயிலில் ஓடும் நம் பிள்ளைகளின் எலும்பையும் நாம் அளக்க வேண்டும். ஒரு செயற்கை ஓடுதளத்துக்குச் சில கோடி ரூபாய் செலவிடுகிறோம். அந்தச் செலவில் சிறு பங்கு இருந்தால், அந்தத் தளத்தில் ஓடப்போகிறவர்களைச் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனிக்கும் ஆய்வை நடத்திவிடலாம். ஓடுதளத்துக்குத் திறப்புவிழா உண்டு, ஆய்வுக்கு இல்லை என்பதைத் தவிர வேறு தடை எனக்குத் தெரியவில்லை.

இனி மாணவிக்கு நேரடியாக. கெண்டைக்காலில் பரவலாக வலித்தால் ஓரிரு நாளில் தணிகிறதா என்று பாருங்கள். கணைக்கால் எலும்பின் மேல் ஒரே இடத்தில், ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி வலித்தால், அன்றே மாஷிடம் சொல்லுங்கள். படுத்திருக்கும்போதும் வலித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். சுண்ணாம்புக் கோட்டில் எப்போது ஓட விடுவார் என்ற உங்கள் கடைசிக் கேள்வியை அவரிடமே கேட்டேன். பதில் சொல்லாமல் நோட்டைத் திருப்பிக் காட்டினார். ஜூலையில் தோண்டத் தொடங்கிய சுரங்கங்கள் நிரம்பி வரும் மாதம் நவம்பர். முதல் 400 மீட்டர் வேகப் பயிற்சியை அவர் நவம்பர் இரண்டாம் வாரத்தில் எழுதி வைத்திருக்கிறார்.