வெள்ளம் வடிந்த பிறகு கடப்பாரையை எடுக்காதீர்கள்

2017 ஆகஸ்ட் கடைசி, ஹார்வி புயல் ஓய்ந்த வாரம். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து மேயர்லாண்ட் பகுதியில் எந்தத் தெருவில் திரும்பினாலும் வாசல்தோறும் ஆள் உயரக் குப்பை. ஒரு குவியலின் மேல், சுவரில் பதித்திருந்த வால்நட் மரப்பலகைகள் கிடந்தன. அடியில் ஓர் அடிக்குச் சேற்றுத் தடம். அதற்கு மேல் கீறல்கூட இல்லை. திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் தச்சர் பென்சிலால் போட்ட வரிசை எண்கள். அறுபது ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாதவை.

பழைய கட்டடங்களைச் சீரமைப்பது என் தொழில். 1950களில் எழுந்த இந்த வீடுகளின் அழகே அவற்றுக்கு எமன். கூடத்தையும் தோட்டத்தையும் ஒரே மட்டத்தில் வைத்து, இடையில் கண்ணாடியை நிறுத்தினார்கள். பிரேஸ் ஓடை கரை மீறினால் தண்ணீருக்குப் படியேறும் வேலையே இல்லை. 2015, 2016, 2017 என்று மூன்று ஆண்டுகள் அடுத்தடுத்து இப்பகுதி மூழ்கியது.

ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சை பிடித்துவிடும் என்பதால் சுவரிலுள்ள நனைந்த ஜிப்சம் பலகையையும் அதன் பின்னுள்ள வெப்பத்தடுப்புப் பஞ்சையும் உடனே அகற்றத்தான் வேண்டும். ஆனால் அதே வேகத்தை மரத்திடம் காட்டக்கூடாது. சேற்றைக் காயவிடாமல் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். படம் எடுத்து, எண் போட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றி, இடையில் குச்சி வைத்து நிழலில் அடுக்குங்கள். சூடான காற்றை அடித்தால், பலகையின் மேல் ஒட்டிய மெல்லிய மரத்தகடு கழன்றுவிடும். ஈரமானி 15 சதவீதத்துக்குக் கீழே காட்டிய பிறகே திரும்பப் பொருத்தலாம். டெராசோ தரை, நம் ஊர் மொசைக்தான், பெரும்பாலும் கழுவினாலே போதும். ஒன்பது அங்குலச் சதுரத் தரை ஓடுகளை மட்டும் சோதிக்காமல் உடைக்காதீர்கள். ஓட்டிலோ அடியிலுள்ள கறுப்புப் பசையிலோ கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம்.

பல வீடுகளை இடிக்க வைப்பது தண்ணீரல்ல, கணக்கு. வெள்ள அபாயப் பகுதியில், பழுதுபார்க்கும் செலவு வீட்டின் சந்தை மதிப்பில் பாதியைத் தொட்டால் இன்றைய விதிப்படி வீட்டையே வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்த வேண்டும். அதைவிட இடிப்பதே மேல் என்று பலர் முடிவெடுக்கிறார்கள். மனையின் விலை இந்த மதிப்பில் சேராது. என்னிடம் வந்த ஒரு மதிப்பீட்டில், சேதமே ஆகாத மொசைக் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போடுவதாக எழுதியிருந்தார் ஒப்பந்ததாரர். அந்த ஒரு வரியை நீக்கியதும் செலவு பாதிக்குக் கீழே இறங்கியது. கையெழுத்திடுமுன் வரி வரியாகப் படியுங்கள். தேசிய வரலாற்றுச் சின்னப் பதிவேட்டில் உள்ள வீட்டுக்கு, அந்தத் தகுதி கெடாதவாறு வேலை செய்தால், விலக்குப் பெற வழியுண்டு. தாத்தா காலத்து வீடுதானே என்று பலர் விசாரிப்பதே இல்லை. பொதுவாக ஐம்பது வயது ஆகி, வரலாற்று முக்கியத்துவமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

அந்தக் குவியலிலிருந்து, உரிமையாளரிடம் கேட்டு, பதினொரு பலகைகளை மீட்டோம். ஏழாம் எண் அகப்படவில்லை. அந்த இடத்தில் இன்று புதுப்பலகை இருக்கிறது. நிறம் இன்னும் ஒத்துப்போகவில்லை.