ஏர் ஹோஸ்டஸ் ஆக எந்த இன்ஸ்டிட்யூட்டில் சேர வேண்டும்?

"மேடம், பொண்ணு நல்லா செவப்பா, ஹைட்டா இருக்கா. பிளஸ் டூ முடிச்சிட்டா. எந்த இன்ஸ்டிட்யூட்ல சேக்கலாம்?"

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு இந்தக் கேள்வி என்னிடம் வரத் தொடங்கிவிடும். கேட்பவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். பல வருடம் பறந்துவிட்டு, இப்போது புதிதாக வரும் கேபின் க்ரூவுக்கு, அதாவது ஏர் ஹோஸ்டஸ் உள்ளிட்ட விமானப் பணியாளர்களுக்கு, பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பவள் நான். நான் சொல்லும் பதில் அவர்களுக்குச் சப்பென்று இருக்கும்: எதிலும் சேர்க்க வேண்டியதில்லை.

இந்தியாவில் பைலட்டுக்கு லைசென்ஸ் உண்டு, விமானப் பராமரிப்பு இன்ஜினீயருக்கும் உண்டு. கேபின் க்ரூவுக்கு அப்படி ஒன்று கிடையாது. வேலைக்கு எடுத்த பிறகு, விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த பயிற்சியை விமான நிறுவனமே தரும். இண்டிகோவுக்கும் ஏர் இந்தியாவுக்கும் குருகிராமில் சொந்தப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. வெளியே ஒரு வருடம் படித்து சர்ட்டிபிகேட் வாங்கியவரும், நேற்று பிளஸ் டூ முடித்தவரும் அங்கே ஒரே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். ஏர்பஸ் ஏ320 விமானத்தில் வருடக்கணக்கில் பறந்தவரே போயிங் 737-க்கு மாறினால் அந்த விமானத்தின் கதவைத் திறப்பதிலிருந்து மறுபடி படித்தாக வேண்டும்.

அப்படியானால் லட்சக்கணக்கில் கட்டிச் சேரும் இடத்தில் என்னதான் கிடைக்கிறது? மேக்கப், கொண்டை போடுவது, ஹீல்ஸ் போட்டு நடப்பது, கொஞ்சம் ஆங்கிலம், இன்டர்வியூ பயிற்சி. கூச்சம் போக இது சிலருக்கு உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் "100 சதவீதம் பிளேஸ்மென்ட்" என்று போர்டில் எழுதியிருப்பது பல இடங்களில் ஹோட்டல் ரிசப்ஷனாகவோ ஷோரூம் வேலையாகவோ முடிகிறது. பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: போன பேட்ச்சில் படித்தவர்களில் இப்போது பறந்துகொண்டிருக்கும் இரண்டு பேரிடம் பேச முடியுமா? சுவரில் மாட்டியிருக்கும் போட்டோவைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நிறத்தைப் பற்றி எந்த நிறுவனத்தின் விளம்பரத்திலும் ஒரு வரி கிடையாது. அந்தப் பேச்சை வீட்டிலேயே விட்டுவிடலாம். உயரம் மட்டும் உண்மையாகவே பார்ப்பார்கள். இந்திய நிறுவனங்களில் பெண்களுக்குப் பொதுவாக 155 சென்டிமீட்டர், ஆண்களுக்கு அதைவிடக் கூடுதல். துபாயின் எமிரேட்ஸ் நிறுவனத்தில் 160 சென்டிமீட்டர், அதோடு நுனிக்காலில் நின்று கையை உயர்த்தினால் 212 சென்டிமீட்டரைத் தொட வேண்டும். அழகுக்காகக் கேட்பதில்லை. தீயணைப்பான், ஆக்ஸிஜன் சிலிண்டர், மெகாபோன் போன்ற அவசரகாலப் பொருட்களில் பல தலைக்கு மேலுள்ள லாக்கர்களில் இருக்கின்றன. புகைக்கு நடுவே ஸ்டூல் தேட முடியாது.

வயது, இந்திய நிறுவனங்களில் புதியவர்களுக்கு 18 முதல் 27 வரை என்பது வழக்கம். எமிரேட்ஸுக்கு 21 ஆகியிருக்க வேண்டும். ஒவ்வொரு விளம்பரத்திலும் இது கொஞ்சம் மாறும். அன்றைய விளம்பரத்தைப் படித்துவிட்டே கிளம்புங்கள்.

நம் ஊர்ப் பெண்கள் உண்மையில் தடுக்கி விழும் இடத்தை எந்த இன்ஸ்டிட்யூட்டும் சொல்லித் தருவதில்லை. அது குரல்.

பயிற்சி மையத்தில் விமானத்தின் ஒரு துண்டை அப்படியே வைத்திருப்பார்கள். ஏ320 கதவு என்றால், முதலில் அதிலுள்ள சின்ன ஜன்னல் வழியாக வெளியே பார்க்க வேண்டும்: தீ இருக்கிறதா, தண்ணீரா, இடிபாடா? எதுவும் இல்லையென்றால் கைப்பிடியை முழுதாக மேலே தூக்க வேண்டும். கதவு வெளியே தள்ளித் திறக்கும், பயணிகள் சறுக்கி இறங்கும் ஸ்லைடு காற்று நிரம்பி விரியும். விரியாவிட்டால் கீழே இருக்கும் சிவப்புப் பிடியை இழுக்க வேண்டும். பக்கத்துக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். இல்லையென்றால் பின்னாலிருந்து வரும் கூட்டம் உங்களையும் சேர்த்துத் தள்ளிவிடும். இத்தனையும் செய்துகொண்டே அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும்: "கம் திஸ் வே! லீவ் எவ்ரிதிங்! ஜம்ப்!"

எழுத்துத் தேர்வில் முதல் மார்க் வாங்கிய பெண் இங்கே வந்து நின்று, டீச்சரிடம் லீவு கேட்கிற குரலில் "கம் திஸ் வே" என்பாள். "பொம்பளப் புள்ள சத்தமா பேசக் கூடாது" என்றே வளர்த்திருக்கிறோம், வேறு எப்படி வரும்? வராத குரலை வரவைக்க எனக்குச் சில நாட்கள் பிடிக்கும். கத்தாதவளை பாஸ் போட மாட்டேன்.

பாதி வாசல்கள் வழியாக மட்டுமே வெளியேறி, நிறைந்த விமானம் 90 நொடிக்குள் காலியாக முடியும் என்று காட்டினால்தான் ஒரு விமான மாடலுக்கு அனுமதி கிடைக்கிறது. இந்தியாவில் 50 இருக்கைக்கு ஒரு கேபின் க்ரூ என்பது விதி. 186 இருக்கை ஏ320-ல் நாலே பேர். 2024 ஜனவரி 2-ஆம் தேதி டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 தரையிறங்கும்போது கடலோரக் காவல்படை விமானத்தின் மீது மோதித் தீப்பிடித்தது நினைவிருக்கும். உள்ளே அறிவிப்பு மைக் வேலை செய்யவில்லை. எட்டு வாசலில் மூன்றைத்தான் பயன்படுத்த முடிந்தது. மெகாபோனையும் தொண்டையையும் வைத்தே 367 பயணிகளையும் இறக்கினார்கள். க்ரூ 12 பேரும் தப்பினார்கள். இந்த வேலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். சாப்பாட்டு டிராலி மீதி நேரத்துக்கு.

வாக்-இன், அதாவது நேரில் போய்க் கலந்துகொள்ளும் தேர்வு அன்று என்ன நடக்கும்? உயரம், எடை, கை எட்டும் அளவு பார்ப்பார்கள். யூனிபார்முக்கு வெளியே தெரியும் டாட்டூ இருந்தால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். பிறகு அறிமுகப் பேச்சு, குழு விவாதம், நேர்காணல், கடைசியில் மருத்துவப் பரிசோதனை. கான்வென்ட் ஆங்கிலம் வேண்டியதில்லை. எதிரே இருப்பவர் சொல்வது புரிந்து, தடுமாறாமல் பதில் சொன்னால் போதும். மனப்பாடம் செய்த அறிமுகத்தை ஒப்பிக்கிறவர்களை இரண்டாவது வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். குழு விவாதத்தில் மற்றவரைப் பேசவிடாமல் அடிப்பவரும் தேற மாட்டார்.

செலவில்லாமல் இப்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: பெயர். நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "பிரியா க.", ஆதாரில் "பிரியா கண்ணன்", பான் கார்டில் வேறொன்று. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்தே எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த பிறகு விமான நிலைய நுழைவு அட்டைக்காகப் பின்னணி விசாரணை நடக்கும். அங்கே ஒரு எழுத்து மாறினாலும் வாரக்கணக்கில் இழுக்கும். ஒற்றைப் பெயர் மட்டுமுள்ள பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களை அனுமதிக்க முடியாது என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்ததும் பலர் அடித்துப்பிடித்துப் பாஸ்போர்ட்டைத் திருத்த ஓடினார்கள். பிளஸ் டூ படிக்கும்போதே எல்லாக் காகிதத்திலும் ஒரே பெயராக்கிவிடுங்கள்.

சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மாதம் நிலையான ஒரு தொகை, அதற்கு மேல் பறந்த நேரத்துக்கு அலவன்ஸ். பறந்த நேரம் என்பது விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து நிற்கும்வரை. பயணிகளை ஏற்றுவது, தாமதமானால் தரையில் காத்திருப்பது பெரும்பாலும் அந்தக் கணக்கில் வராது. 2025 ஆகஸ்டில் ஏர் கனடா கேபின் க்ரூ செய்த வேலைநிறுத்தத்தில் இதுதான் முக்கியச் சண்டை. பறப்பதற்கு முன் மது வாடைச் சோதனை உண்டு. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷைக்கூட டிஜிசிஏ தடுத்திருக்கிறது. "கல்யாணம், குழந்தைன்னா வேலை போயிடுமா?" என்று கேட்பவர்களுக்கு: முதல் கர்ப்பத்தோடு வேலையைவிட்டு அனுப்பும் ஏர் இந்தியா விதியை 1981-லேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. கர்ப்ப காலத்தில் பறக்கவிட மாட்டார்கள், அவ்வளவுதான். அந்த மாதங்களில் என்ன வேலை, என்ன சம்பளம், இடையில் விலகினால் பயிற்சிச் செலவு எவ்வளவு கேட்பார்கள் என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் படித்துவிடுங்கள்.

கடைசியாக, வாட்ஸ்ஆப்பில் வரும் "ஆஃபர் லெட்டர்". லோகோ அச்சு அசலாக இருக்கும், கீழே கையெழுத்தும் இருக்கும். யூனிபார்முக்கு, மெடிக்கலுக்கு, திருப்பித் தரப்படும் டெபாசிட்டுக்கு என்று தனிநபர் ஜிபே நம்பருக்கு இரண்டாயிரம், ஐயாயிரமாகக் கேட்பார்கள். வேலைக்கு எடுக்கக் கட்டணம் வாங்குவதில்லை என்று பெரிய நிறுவனங்கள் தங்கள் இணையதளங்களிலேயே எச்சரிக்கின்றன. நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் இல்லாத நேர்காணல், நடக்காத நேர்காணல்தான். பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் வீட்டில் திட்டுவார்கள் என்று மறைக்காமல் அன்றைக்கே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். சீக்கிரம் சொன்னால் அந்தக் கணக்கை முடக்கிப் பணத்தைப் பிடிக்க வாய்ப்பு இருக்கிறது.