நாலு பிளாக் ஜம்ப் ஏன் இவ்ளோ கஷ்டம்?

"மைன்கிராஃப்ட்ல பார்க்கூர் மேப் ஆடறப்ப என் பையன் கத்தறான், மவுஸை டேபிள்ல அடிக்கறான், பிளாக்கைத் தொட்டுட்டேன் கேம் ஏமாத்துதுன்னு சண்டை போடறான், அடுத்த நிமிஷமே திரும்ப அதே இடத்துல குதிக்கறான், இது என்ன அடிக்‌ஷனா?"ன்னு ஒரு வாசகி கேட்டிருந்தாங்க. மைன்கிராஃப்ட் உலகமே பிளாக், அதாவது ஒரே அளவு கனசதுரக் கட்டைகளால ஆனது; பார்க்கூர் மேப்னா ஒரு பிளாக்ல இருந்து இன்னொண்ணுக்கு இடைவெளியைத் தாண்டிக் குதிச்சுப் போற பாதை, அதுல நாலு பிளாக் இடைவெளிதான் பாடாப் படுத்தும். அடிக்‌ஷனுக்கு அப்புறம் வரேன். முதல்ல அந்தப் பையன் சொல்ற "தொட்டுட்டேன்" இருக்கே, அதைப் பார்ப்போம், ஏன்னா அவன் பொய் சொல்லல.

நிஜ உலகத்துல நேரம் தொடர்ந்து ஓடுது. மைன்கிராஃப்ட்ல நொடிக்கு 20 டிக், அதாவது 0.05 நொடிக்கு ஒரு தடவைதான் உங்க இடம் கணக்குப் போடப்படுது. ஜம்ப் அடிச்ச முதல் டிக்ல 0.42 பிளாக் மேல போவீங்க. அப்புறம் ஒவ்வொரு டிக்லயும் அந்த வேகத்துல இருந்து புவியீர்ப்புக்கு 0.08 கழிச்சு, காத்துத் தடைக்கு 0.98-ஆல பெருக்கணும், அவ்ளோதான் கணக்கு. எக்ஸெல்ல போட்டுப் பாருங்க: 0.42, 0.75, 1.00, 1.17, 1.25, 1.25... ஆறாவது டிக்ல உச்சி, அப்புறம் இறக்கம், பதினொண்ணாவது டிக்ல இன்னும் 0.12 உயரத்துல இருப்பீங்க, பன்னிரண்டாவது டிக்ல தரை. மொத்தம் 0.6 நொடி. உச்சி 1.25-தான்ங்கறதால ஒரு பிளாக் மேல ஏறலாம், ஆனா வேலியோட உயரம் 1.5, அதனாலதான் மாடு பன்னி மட்டுமில்ல நீங்களும் வேலியைத் தாண்ட முடியறதில்ல. ஸ்கூல்ல காத்துத் தடையைப் "புறக்கணிக்கவும்"னு சொல்லியே பிசிக்ஸ் முடிச்சுடறாங்க, இந்த ஒரு பத்தியை லேப்ல ஒரு பீரியட் போட்டா பசங்களே தடையோட கணக்குப் போடுவாங்கன்னு நான் நம்பறேன்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். கேம் உங்களைக் கையும் காலுமா பாக்கல, 0.6 அகலம் 1.8 உயரம் உள்ள ஒரு பெட்டியாத்தான் பாக்குது. அந்தப் பெட்டி நகர்றப்ப குறுக்கா ஒரே வீச்சுல நகராது, ஒவ்வொரு டிக்லயும் முதல்ல மேல-கீழ நகர்வைச் செக் பண்ணும், அதுக்கப்புறம்தான் பக்கவாட்டு நகர்வு. பன்னிரண்டாவது டிக்ல என்ன நடக்குதுன்னு யோசிங்க. முதல்ல உங்களைக் கீழ இறக்கிப் பாக்குது, பக்கவாட்டுல நீங்க இன்னும் பதினொண்ணாவது டிக்ல இருந்த இடத்துலதான் இருக்கீங்க. அங்க பெட்டிக்கு நேர் கீழ பிளாக் இருந்தா லேண்டிங். ஒரு நூல் இடைவெளியில இல்லாமப் போனா பிளாக்கோட மேல்மட்டத்துக்குக் கீழ இறங்கிடுவீங்க, அப்புறம்தான் முன்னாடி தள்ளும், பிளாக்கோட பக்கச் சுவர்ல போய் முட்டும், வழுக்கி விழுவீங்க. தொட்டான்தான் பையன், ஆனா தொட்டது சுவரை.

கிளம்பற பக்கமும் இதே நெருக்கடிதான். பெட்டியோட நடுப்புள்ளி விளிம்பைத் தாண்டி கிட்டத்தட்ட 0.3 பிளாக் வெளிய போனாலும், பெட்டியோட ஓரம் பிளாக் மேல இருக்கறவரை நீங்க நிக்கறதாத்தான் கணக்கு. ரெண்டு முனையிலயும் அந்த 0.3-ஐ முழுசா எடுத்தா 4 பிளாக் இடைவெளி 3.4 ஆயிடும். ஆனா ஸ்பிரின்ட்ல ஓடறப்ப ஒரு டிக்குக்கு 0.28 பிளாக் நகர்றீங்க, ஆக அந்தத் தொங்கற நிலையில உங்களுக்குக் கிடைக்கறது கிட்டத்தட்ட ஒரே ஒரு டிக். ஒரு டிக் முந்தினா 0.28 பிளாக் போச்சு, ஒரு டிக் பிந்தினா காலடியில பிளாக்கே இல்ல.

கண்ணால பாத்து விரல் அமுக்க மனுஷனுக்கு 0.2 நொடிக்கு மேல ஆகும், இங்க கிடைக்கற நேரமோ 0.05 நொடி. அதனால பாத்துக் குதிக்கவே முடியாது, எப்ப விளிம்பு வரும்னு மூளை முன்கூட்டியே கணிக்கணும். இது சிறுமூளையோட வேலை, கணிச்சதுக்கும் நடந்ததுக்கும் உள்ள வித்தியாசத்தை வாங்கி அடுத்த கணிப்பைக் கொஞ்சம் திருத்தும். அது திருந்தணும்னா கிடைக்கற பிழை நிஜமா இருக்கணும். லேக் (கேம் திணறறது) இல்லாம ஆடினா இந்தக் கேம்ல அதே இடம், அதே வேகம், அதே டிக்னா அதே முடிவுதான், லக்குக்கு வேலையே இல்ல.

அடிக்‌ஷன் கேள்விக்கு இங்கதான் பதில் இருக்கு. மயிரிழையில தவறினா விட மனசு வராது, அது உண்மை. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2009-ல ஸ்லாட் மெஷின் (காசு போட்டு ஆடற சூதாட்ட மெஷின்) மாதிரி ஒரு விளையாட்டை வச்சுப் பாத்ததுல, மயிரிழைத் தோல்வி கூட ஜெயிக்கறப்ப வேலை செய்யற மூளைப் பகுதிகளைத் தூண்டுச்சு. ஆனா ஸ்லாட் மெஷின்ல அந்த "கிட்டத்தட்ட" சுத்தப் பொய், அதுல இருந்து கத்துக்க ஒண்ணுமில்ல. பார்க்கூர்ல அது அளவுகோல் வச்ச தகவல். ரெண்டையும் ஒரே தராசுல போட்டு "கேம் ஆடினா மூளை அழுகிடும்"னு ஃபார்வர்டு பண்றவங்க மேல எனக்குக் கோவமே வருது, கேமால என்ன கெடுதல்னு தேடற ஆராய்ச்சிக்குக் காசு கிடைக்கற அளவுக்கு இந்த மாதிரி கத்துக்கறதை ஆராயவும் கிடைக்கணும்.

அவன் கம்ப்யூட்டர்ல மைன்கிராஃப்டோட ஜாவா எடிஷன்ங்கற பதிப்பை ஆடறான்னா எஃப்3 கூட பி-யை அமுக்கச் சொல்லுங்க, பெட்டிகள் கோடு கோடாத் தெரியும், எஃப்5 அமுக்கினா தன்னோட பெட்டியையே வெளிய இருந்து பாக்கலாம். விளிம்புல மெதுவா ஷிஃப்ட்டைப் பிடிச்சு நகர்ந்து, எவ்ளோ தூரம் வெளிய தொங்கலாம்னு அவனே பாத்துக்கட்டும், அப்புறம் 3 பிளாக் இடைவெளியில கடைசி டிக்ல குதிச்சுப் பழகிட்டு 4-க்கு வரட்டும். 5 பிளாக் இடைவெளியைச் சாதாரணத் தரையில, ஐஸ், வேகம் கூட்டற பானம் மாதிரி உதவி இல்லாம, சமமட்டத்துல தாண்ட முடியாது, யாராவது சேலஞ்ச் பண்ணினா அதுல நேரத்தைப் போட வேணாம்னு சொல்லிடுங்க.