மூலைமட்டம்: ‘ஸ்கொயரிங்’ என்பதற்கு நம்மிடம் இருக்கும் சொல்

சொந்தமாகக் கூட்டிய சிஎன்சி ரூட்டரை (கணினி ஆணைப்படி மரத்தைச் செதுக்கும் எந்திரத்தை)ப் பற்றிப் பேச்செடுத்தால் ‘ஸ்கொயரிங்’ என்ற சொல் உடனே வந்துவிடும். குறுக்கே ஓடும் எக்ஸ் அச்சும் முன்பின்னாக ஓடும் ஒய் அச்சும் ஒன்றுக்கொன்று சரியாக 90 பாகையில் நிற்கும்படி திருத்துவதுதான் அது. இதைச் ‘சதுரப்படுத்தல்’ என்று மொழிபெயர்ப்பது பொருந்தாது. நிலைக்கதவில் பூவேலை செதுக்கும் எந்திரத்தின் மேடை நீளவாட்டில் இருக்கும். அதை யாரும் சதுரமாக்கப் போவதில்லை.

‘ஸ்கொயர்’ என்ற ஆங்கிலச் சொல்லும் முதலில் வடிவத்தைக் குறித்ததன்று. நான்கு என்னும் பொருளுடைய லத்தீன் வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தபோது, தச்சரின் ‘ட’ வடிவக் கருவிக்குத்தான் பெயராக இருந்தது. நாற்கட்ட வடிவம் என்ற பொருள் பிற்பாடு சேர்ந்தது. அந்தக் கருவிக்குத் தமிழ்ப் பெயர் மூலைமட்டம். கும்பகோணத்தில் கதவுநிலை கூட்டும் ஆசாரி, ஆணி இறக்குமுன் “தம்பி, மூலைமட்டம் பார்த்துவிட்டாயா?” என்று கேட்பார். கருவிக்கும் அதே சொல், சரியாக நிற்கும் நிலைக்கும் அதே சொல். ‘சட்டம் மூலைமட்டமாக இல்லை’ என்றால் வேறு விளக்கம் தேவையில்லை.

இதில் மூலை எளிது. மட்டம்தான் கொஞ்சம் குழப்பும். காவிரிப் படுகையில் மட்டம் என்றதும் தண்ணீர் மட்டமும், நடவுக்கு முன் பரம்படித்து வயலை மட்டம் செய்வதும் நினைவுக்கு வரும். கொத்தனாரின் ரசமட்டமும் அந்தக் கிடைநிலையைத்தான் காட்டுகிறது. மூலைமட்டத்தில் வரும் மட்டத்துக்கோ கிடைநிலையோடு தொடர்பில்லை. பிசகில்லாத ஒழுங்கு என்பதே அங்கே பொருள். எந்திரம் சாய்ந்த தரையில் நின்றாலும் மூலைமட்டமாக இருக்க முடியும்.

பாடப்புத்தகச் சொல் செங்கோணம். செங்கோலில் உள்ள அதே ‘செம்மை’தான் இதிலும்: நேர்மை, வளையாமை. வளைந்த கோல் கொடுங்கோல். நல்ல சொல்தான், ஆனால் அது கோணத்தின் பெயர். வேலையின் பெயராக ‘அச்சுகளுக்கு மூலைமட்டம் பார்த்தல்’ என்பதையே நான் எழுதுவேன். (அச்சு வடமொழி ‘அக்ஷ’த்தின் வழி வந்தது, ஆங்கிலத்தின் ‘ஆக்சிஸ்’ அதற்கு உறவு. வண்டி அச்சும் எந்திர அச்சும் ஒரே குடும்பம்.)

பார்ப்பது எப்படி? மூலைமட்டக் கருவியைச் சட்டத்தில் ஒட்டவைத்துப் பார்ப்பது தொடக்கத்துக்குத்தான் உதவும். 100 மில்லிமீட்டர் கரத்தில் கண்ணுக்குத் தட்டுப்படாத 0.1 மில்லிமீட்டர் பிசகு, 800 மில்லிமீட்டர் தள்ளிப் போனால் 0.8 ஆகிவிடும். அதனால் எந்திரத்தையே துளையிட வைக்க வேண்டும். பலகையில் 600-க்கு 800 மில்லிமீட்டர் அளவில் நான்கு மூலைத் துளைகள் போட்டால், மூலைவிட்டங்கள் இரண்டும் 1000 வர வேண்டும். மனைக்கு முளையடிக்கும் கொத்தனார் கயிற்றில் பிடிக்கும் 3, 4, 5 அடிக் கணக்குதான் இது. டேப்பின் நுனிக்கொக்கி ஆடும் என்பதால் அதை நம்பாமல், 100 மில்லிமீட்டர் கோட்டை முதல் துளையின் இடது ஓரத்தில் வைத்து, எதிர்த் துளையின் இடது ஓரம் வரை அளந்து, 100-ஐக் கழிக்க வேண்டும். துளையின் நடுவைக் கண்ணால் குறிவைக்க முயன்றால் அளவு ஒவ்வொரு முறையும் மாறும்.

இரண்டு மூலைவிட்டங்களுக்கும் 1.2 மில்லிமீட்டர் வேறுபாடு என்று வைத்துக்கொள்வோம். 800 மில்லிமீட்டருக்கு 1 மில்லிமீட்டர் சாய்வு என்று அதற்குப் பொருள். முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்குப் போகும் மூலைவிட்டம் நீளமானால், வெட்டும் தலையைத் தாங்கி மேடைக்குக் குறுக்கே நிற்கும் பாலத்தின் வலது கால் பின்பக்கமாகத் தள்ளி நிற்கிறது. பாலத்தின் கால்கள் ஓடும் தண்டவாளங்களின் இடைவெளியும் 800 என்றால் அந்தக் காலை 1 மில்லிமீட்டர் முன்னே இழுத்தால் போதும். இரு பக்கமும் தனித்தனி மோட்டார் உள்ள எந்திரத்தில், மின்சாரம் போனதும் கால்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலக இடமுண்டு. எனவே சரிசெய்த இடத்தில் இரு பக்கமும் தடுப்புக்கட்டை வைத்து, மறுபடி இயக்குமுன் பாலத்தை அவற்றின்மீது முட்டவைத்துக்கொள்வது நல்லது.

ஸ்பிண்டில் (வெட்டும் அலகைப் பிடித்துச் சுழற்றும் தண்டு) மேடைக்கு நேராக நிற்கிறதா என்று பார்ப்பது வேறு வேலை. அதைத் தச்சர் வழக்கில் ‘தூக்குப் பார்த்தல்’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் தூக்குக்குண்டு பூமியின் ஈர்ப்பைப் பார்த்துத் தொங்குவது. ஸ்பிண்டிலோ மேடையைப் பார்த்து நிற்க வேண்டியது. மேடை சாய்ந்திருந்தால் ஸ்பிண்டிலும் அதே அளவு சாய்ந்திருக்க வேண்டும். அதற்குச் ‘செங்குத்துப் பார்த்தல்’ என்பதே சரி.